நாலு பிளக், புள்ளி ஆறு இடைவெளி

எங்கள் மெக்கானிக் சங்கத்தின் ஆண்டு மலருக்குச் "சந்தனக் கதைய எழுதிக் குடுங்க மேஸ்திரி" என்று மூன்று வருடமாகக் கேட்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுதத் தெரியாது என்று சொல்லித் தப்பித்து வந்தேன். உண்மையில் காரணம் அது இல்லை.

அந்தக் கதை திருத்தணியிலிருந்து அரக்கோணம் வரைக்கும் எல்லா ஷெட்டிலும் ஓடுகிறது. பந்தயத் தடத்தில் படித்த என்ஜினியர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, சாமுவேல் மேஸ்திரி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, "இதுல சாமி சந்தனம் பட்டுக்கீது" என்று சொல்லி, அதைத் துடைத்துப் போட்டு வண்டியைப் பறக்க விட்டான் என்பது கதை. அதில் பாதி நடந்தது. மீதிப் பாதியை இப்போது எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நான் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்? கரும்பு வெட்டப் போன நைனாவுக்குப் பிறந்தவன் நான். திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலைக்கு வரும் லாரிகளுக்கு அடியில் படுத்துத் தொழில் கற்றேன். முப்பது வயதில் திருத்தணியில் சொந்த ஷெட். அரக்கோணம் ரோட்டில் ஒரு கார் திரும்பும்போதே எத்தனையாவது சிலிண்டர் உதைக்கிறது என்று உள்ளே உட்கார்ந்தபடி சொல்வேன். பந்தயம் கட்டித் தோற்றவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.

லாரிக்கும் ஷெட்டுக்கும் நடுவே நாலு வருடம் சென்னையில் இருந்தேன். பந்தயக் கார்களுக்கு என்ஜின் கட்டும் ஒரு பட்டறை. அங்கே தலைமை வரதராஜுலு என்கிற ஆந்திரப் பக்கத்து நகரிக்காரர். குரலை உயர்த்தமாட்டார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அதுதான் பயம்.

பிளக் வேலைக்கு முன்னால் அவர் கையை இரண்டு முறை கழுவுவார். மேஜையில் வெள்ளைத் துணியை விரிப்பார். நாலு பிளக்கையும் ஒரு விரல் இடம் விட்டு வரிசையாகப் படுக்க வைப்பார். பிளக் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது விரல் நீளம் இருக்கும். மேலே கரண்ட் வரும் உலோக முனை. அதற்குக் கீழே வெள்ளைப் பீங்கான். பீங்கானுக்குக் கீழே ஸ்பேனர் பிடிக்கிற ஆறுபட்டை இரும்பு. அடியில் வாய். வாயில் நடுக்கம்பி ஒன்று, அதன் எதிரே கொக்கிபோல் வளைந்த இரும்பு ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மயிரிழை இடைவெளியில்தான் பொறி பாய்கிறது. என்ஜினுக்கு உயிர் அங்கேதான்.

வரதராஜுலு எப்போதும் ஆறுபட்டை இரும்பில்தான் பிடிப்பார். இடைவெளியை அளக்கிற கம்பி கேஜை உள்ளே விட்டு இழுப்பார். பிடிக்கவும் கூடாது, தொளதொளக்கவும் கூடாது. வெண்ணெயில் கத்தி போவதுபோல் ஒரு சின்னத் தடை விரலுக்குத் தெரிய வேண்டும். கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் கொக்கியை மட்டும் தொடுவார். நடுக்கம்பியில் எதையும் முட்டுக் கொடுத்து நெம்பமாட்டார். இந்தக் காலத்து பிளக்கில் நடுக்கம்பி ஊசி முனை மாதிரி, நெம்பினால் போயிற்று.

ஒருநாள் நான் ஒரு பிளக்கை வெள்ளைப் பீங்கானில் பிடித்துத் தூக்கினேன். அவர் என் கையிலிருந்து அதை வாங்கினார். புது பிளக். குப்பைத் தொட்டிக்கு நடந்து போய் உள்ளே போட்டார்.

"ஒரேய் சாமுவேலு, வெள்ளையத் தொடாதே ரா."

"ஏங்க?"

"தொடாதேன்னா தொடாதே."

அவ்வளவுதான். என் கையில் அழுக்கும் இல்லை, கிரீஸும் இல்லை. பெரிய மனுஷனுக்குப் பெரிய பிகு என்று நினைத்துக்கொண்டேன். கரும்பு வெட்டுகிறவன் மகன் கை பட்டுவிட்டதாக்கும் என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்பை மனதில் வைத்துக்கொண்டுதான் ஊருக்கு வந்து ஷெட் போட்டேன். போட்ட முதல் நாளே, வேண்டுமென்றே, ஒரு பழக்கத்தை ஆரம்பித்தேன்.

காதில் எப்போதும் ஒரு தச்சுப் பென்சில் செருகியிருப்பேன், தட்டையான தடி ஈயப் பென்சில். இடைவெளி வைத்து முடித்த ஒவ்வொரு பிளக்கிலும், அந்த வெள்ளைப் பீங்கானில், மேலிருந்து கீழாக ஒரு சிலுவை போடுவேன். பக்கத்தில் எத்தனையாவது சிலிண்டரோ அத்தனை சின்னக் கோடு. வேறு ஷெட்டில் கழற்றிப் பார்த்தால் சாமுவேல் கை பட்ட பிளக் என்று தெரிய வேண்டும். அது என் ஜெபம், என் கையெழுத்து, வரதராஜுலுவுக்கு என் பதில். இருபத்தைந்து வருடத்தில் அதனால் ஒரு வண்டியும் நின்றதில்லை.

இனி ரேவதி வண்டி.

அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிற தனலட்சுமி அம்மாவின் ஒரே மகள் ரேவதி. புருஷன் போன பிறகு ஆறு தறியை வைத்து மகளை என்ஜினியரிங் படிக்க வைத்தது அந்த அம்மா. மகளுக்குப் பைத்தியம் காரில். பழைய பந்தயக் கார் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து என் ஷெட்டில் நிறுத்தினாள். டர்போ போட்ட என்ஜின். டர்போ என்றால் காற்றை அமுக்கி உள்ளே திணிப்பது. திணிக்கத் திணிக்க வேகம், திணிக்கத் திணிக்க சூடு. என்ஜின் ஒன்றே ஒன்று. அது போனால் அந்த மாடலுக்கு வேறு கிடையாது.

சென்னையில் ஒரு பந்தய அணி ஓட்டுநர் எடுக்கிறது என்று அழைப்பு வந்தது. அவரவர் வண்டியில் தடத்தில் மூன்று ஓட்டம். மூன்றில் எது நல்ல நேரமோ அதுதான் கணக்கு. முதலில் வருகிறவருக்கு அந்த வருடம் அணியில் இடம். ரேவதிக்கு வயது இருபத்தாறு; அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும்.

"மேஸ்திரி, இது போச்சுன்னா நான் தறிக்குப் போயிடுவேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

காற்றழுத்தத்தைக் கூட்டினோம். கூட்டினால் பிளக்கையும் மாற்ற வேண்டும். கம்பெனி போட்ட பிளக் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஜாதி. ஊருக்குள் ஓட்ட அது நல்லது, கரி சேராது. முழு அழுத்தத்தில் அதன் மூக்கு தணலாகிவிடும். பொறி விழுவதற்கு முன்னாலேயே அந்தத் தணலில் பெட்ரோல் பற்றும். பிஸ்டன் மேலே வரும்போதே வெடி. ஒன்றிரண்டு சுற்றில் பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிடும். அதனால் ஒரு படி குளிர்ந்த பிளக் வாங்கினேன். கம்பெனி இடைவெளி புள்ளி எட்டு மில்லிமீட்டர். அழுத்தம் கூடினால் அவ்வளவு தூரம் பொறி பாயாது, அணைந்துவிடும். நாலையும் புள்ளி ஆறுக்கு வைத்தேன். மாற்றுக்கு ஒரு செட், அதையும் புள்ளி ஆறு. எட்டிலும் சிலுவை போட்டேன். ரேவதியின் நாள் என்பதால் அழுத்தியே போட்டேன். எட்டையும் ஒரு டப்பாவில் அடுக்கி மூடினேன்.

மறுநாள் கிருத்திகை. தனலட்சுமி அம்மா ஷெட்டுக்கு வந்து, "மலைக்குப் போய்கினு இருக்கேன் மேஸ்திரி. அந்த டப்பாவக் குடுங்க, முருகன் காலாண்ட வெச்சி எடுத்தாறேன்" என்றது.

"தொறக்கக் கூடாதும்மா."

"ஆங், எனக்குத் தெரியாதா? தொறக்கமாட்டேன்."

சாயங்காலம் டப்பா திரும்பி வந்தது. மூடிமேல் சந்தனம், குங்குமம். மறுநாள் நானே பிளக்கை மாட்டினேன். ஊர் ரோட்டில் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். தேன் மாதிரி போயிற்று.

தடத்தில் காலை ஒன்பது மணி. முப்பது நாற்பது பேர் நின்றிருந்தார்கள். அணியின் என்ஜினியர் கிருஷ்ணன், மரியாதையான பையன், கையில் லேப்டாப். ரேவதி முதல் ஓட்டம் கிளம்பினாள். வளைவுகளில் அழகாகப் போனாள். நீள நேர்பாதையில் முழுசாக மிதித்தாள். பட், பட், படபட என்று உதைத்தது வண்டி. மிதியைத் தளர்த்தினால் சரியாகிறது, அழுத்தினால் உதைக்கிறது.

உள்ளே வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டாள், "இன்னா மேஸ்திரி இது?"

கிருஷ்ணன் லேப்டாப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னான். "சார், பிளக் ரொம்ப கோல்டா போயிடுச்சுன்னு நினைக்கிறேன். கரி பிடிச்சு மிஸ் ஆகுது. ஸ்டாண்டர்ட் பிளக் எங்ககிட்ட இருக்கு, போட்டுடலாம்."

"போட்டா பிஸ்டன் ஓட்டை ஆயிடும் தம்பி."

"ரெண்டு சுற்றுதானே சார்?"

"அதுக்கு ரெண்டு சுற்றே ஜாஸ்தி."

"அப்போ பிளக் கேப்பைப் புள்ளி நாலுக்காவது குறைங்க."

"என் கேப்புல தப்பு இல்ல."

ரேவதி எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். முடிவு அவளுடையது. "மேஸ்திரி சொல்றதுதான்" என்றாள். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

இரண்டாவது ஓட்டத்தை நேரத்துக்காக ஓட வேண்டாம், பிளக்கைப் படிப்பதற்காக ஓடு என்றேன். நேர்பாதையில் முழுசாக மிதித்து, உதைக்கும்போதே கிளட்சை அமுக்கி, கில் சுவிட்சைத் தட்டி என்ஜினை அணைத்துவிட வேண்டும். வண்டி உருண்டபடியே வரும். சும்மா ஓடவிட்டால் பிளக்கின் முகம் மாறிவிடும். அணைத்து வந்தால் அந்தக் கணத்தில் உள்ளே என்ன நடந்ததோ அப்படியே எழுதியிருக்கும். ஒரு ஓட்டம் போய்விடும். மிச்சம் ஒன்று.

அவள் அப்படியே செய்தாள். சத்தமில்லாமல் உருண்டு வந்து எங்கள் முன்னால் நின்றது வண்டி. அந்த அமைதியில் நான் பிளக்கைக் கழற்றினேன்.

முதல் வேலை, வாயைப் பார்ப்பது. ஒன்றும் நாலும் ரஸ்க் நிறம். கரி இல்லை, வெளுப்பும் இல்லை. நான் தேர்ந்தெடுத்த பிளக் சரி. மூன்று மட்டும் பெட்ரோலில் நனைந்திருந்தது. இரண்டில் லேசான ஈரம். அதாவது பெட்ரோல் வந்திருக்கிறது, பொறி வரவில்லை. கேஜை விட்டுப் பார்த்தேன். புள்ளி ஆறு. வெண்ணெயில் கத்தி. அப்படியென்றால் கரண்ட் வேறு எங்கேயோ போகிறது.

அப்போதுதான் மூன்றாவது பிளக்கின் ஆறுபட்டை ஓரத்தில் மஞ்சளாக ஒரு தீற்றலைப் பார்த்தேன். டப்பாவை எடுத்தேன். உள்விளிம்பிலும் மஞ்சள். தனலட்சுமி அம்மா பின்னால் நின்றிருந்தது.

"யம்மா! சந்தனமா பூசினே இதுல?" என்று கத்தினேன். "தொறக்காதேன்னு சொன்னனா இல்லயா? பொறி வெளியிலயே ஓடிப்பூடுது! கோயிலுக்கு வேற சாமானே கெடைக்கலயா உனக்கு?"

முப்பது நாற்பது பேரும் திரும்பினார்கள்.

"நான் தொறக்கவே இல்ல மேஸ்திரி. குருக்கள் மூடிமேலதான் வெச்சாரு."

"அப்ப இது இன்னா, வானத்துலேர்ந்து வந்துச்சா?"

ரேவதி ஹெல்மெட்டைத் தரையில் வைத்தாள். "ஏம்மா? எதையாவது ஒண்ண என்கிட்டயே வுட்டு வெக்கமாட்டியா? போம்மா. போயி அங்க உக்காரு."

அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டது. பழைய டயர்கள் அடுக்கியிருந்த பக்கம் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

நான் துடைப்பதற்காகப் பிளக்கை வெயிலில் திருப்பினேன். மஞ்சள் இரும்போடு நின்றிருந்தது. மூடி வழியாகக் கசிந்து ஓரத்தில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பீங்கானில் சந்தனம் இல்லை. பீங்கானில் இருந்தது என் சிலுவை. அதன் நெடுங்கோடு மேல்முனையிலிருந்து ஆறுபட்டை வரைக்கும் கருகிப்போய், தலைமுடி தடிமனில் எரிந்த தடமாக இருந்தது. பீங்கானை மூடும் ரப்பர் உறைக்குள் விரலை விட்டுத் தடவினேன். அதே இடத்தில் அதே தடம்.

தச்சுப் பென்சிலில் இருப்பது ஈயம் என்கிறோம். ஈயம் இல்லை, கரி. கரியில் கரண்ட் ஓடும். சாதா வண்டியில் பொறி வாய்க்குள் பாய்வதே சுலபம், அது கோட்டைத் தேடாது. உள்ளே காற்றை அமுக்க அமுக்க வாய்க்குள் பாய்வது கஷ்டமாகும். சுலபமான வழி எது என்று பார்க்கும். நான் அழுத்திப் போட்டுக் கொடுத்த வழி இருந்தது. வெளியிலேயே ஓடிவிட்டது.

வெள்ளையத் தொடாதே ரா.

கிருஷ்ணன் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். "சந்தனமா சார்?"

வாயைத் திறந்தேன். அந்தப் பையன் என்ஜினியர். நான் அஞ்சாவது. "ஆங்" என்றேன்.

கடைசி ஓட்டத்துக்கு இருபது நிமிடம். மாற்றுச் செட்டிலும் சிலுவை இருந்தது. பெட்ரோல் தொட்டுத் துடைக்க வேண்டும். நூல் பிரியாத வெள்ளைத் துணி வேண்டும். என் கைத்துணி முழுக்க கிரீஸ். "சுத்தமான துணி யார்கிட்டயாவது இருக்குதா?" என்று கேட்டேன். டயர் பக்கத்திலிருந்து தனலட்சுமி அம்மா எழுந்து வந்து, பையிலிருந்து மடிப்புக் கலையாத வெள்ளைத் துண்டு ஒன்றை நீட்டியது. அவர்கள் தறியில் நெய்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

துண்டை விரித்தேன். மாற்றுச் செட் நாலு பிளக்கையும் ஒரு விரல் இடம் விட்டு வைத்தேன். ஆறுபட்டையில் மட்டும் பிடித்து, பீங்கானைத் துடைத்தேன். பெட்ரோல், துடைப்பு, காய்ந்த துணி, மறுபடி பெட்ரோல். துண்டில் சாம்பல் நிறக் கறை ஏறிக்கொண்டே போயிற்று. மஞ்சள் ஒரு பொட்டும் ஏறவில்லை. யாராவது துண்டைப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

பிளக்கை மட்டும் மாற்றினால் போதாது. தடம் விழுந்த உறை புதுப் பிளக்கிலும் தடம் போட்டுவிடும். கிருஷ்ணனிடம் நாலு புது உறை கேட்டு வாங்கினேன். நல்ல பையன், ஏன் என்றுகூடக் கேட்காமல் ஓடிப்போய் எடுத்து வந்தான். நாலுக்கும் கேஜ் விட்டேன். புள்ளி ஆறு. ஒவ்வொன்றையும் முதலில் விரலால் திருகி, பிறகு முடுக்கத்துக்கு அளவு காட்டும் டார்க் ஸ்பேனரில் முடுக்கினேன்.

ரேவதி கிளம்பினாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குக் காதுதான் கண். முதல் வளைவு. இரண்டாவது. கியர் மாறுகிறது. நேர்பாதை. முழு மிதி. இந்த இடத்தில்தான் உதைத்தது. சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று, பிசிறில்லாமல் துணி கிழிவதுபோல. உதைக்கவில்லை. பாதை முடியும் வரை உதைக்கவில்லை.

ஒன்றே முக்கால் வினாடி வித்தியாசத்தில் முதலாவதாக வந்தாள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கிருஷ்ணன் எல்லோருக்கும் கேட்கும்படி, "சார், சந்தனம்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றான்.

"அனுபவம்" என்றேன்.

ஓட்டம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டும்போது சொல்வது கஷ்டம். மறுநாள் சொல்வது அதைவிடக் கஷ்டம். பிறகு கதை என்னைவிட வேகமாக ஓடிவிட்டது. பென்சிலை மட்டும் அன்றைக்கே காதிலிருந்து எடுத்துவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ரேவதி அந்த அணியில் ஓட்டினாள், இன்றும் வேறு அணியில் ஓட்டுகிறாள். அம்மாவைத் தடத்துக்கு ஒருநாளும் கூட்டிப்போகவில்லை. அந்த அம்மா மகள் ஓட்டுவதைத் தறிக்கூடத்தில் போனில் பார்க்கும் என்று கேள்விப்பட்டேன்.

இந்த வருடம் மறுபடி மலர் என்று வந்தார்கள். போன வாரம் அம்மையார்குப்பத்துக்குப் போனேன். தனலட்சுமி அம்மா தறியை நிறுத்தியது, சத்தத்தில் கேட்காது என்று. நின்றபடியே முழுக்கச் சொன்னேன். சிலுவை, கரி, துண்டில் ஏறிய கறை, எல்லாம்.

அறுந்து தொங்கிய நூல் ஒன்றை எடுத்து முடிச்சுப் போட்டது.

"அன்னிக்கு எத்தினி பேரு இருந்தாங்க மேஸ்திரி?"

"முப்பது நாப்பது பேரு இருக்கும்மா."

"அவுங்க எல்லாருக்கும் சொல்லிட்டு வந்தீங்களா?"

"இல்ல."

"ரேவதிக்கு?"

"இன்னும் இல்ல."

"அப்ப என்கிட்ட இன்னாத்துக்கு வந்து சொல்றீங்க? நான் தொறக்கலன்னு எனக்குத்தான் தெரியுமே."

தறியை மறுபடி போட்டுவிட்டது. அதற்குமேல் நான் பேசினாலும் கேட்காது.

ரேவதிக்குச் சாயங்காலம் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் போனை வைக்கவில்லை. கடைசியில் நான்தான் வைத்தேன்.

இப்போது மிச்சம் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அன்றைக்குத் தடத்தில் நின்றவர்கள், கதையைக் கேட்டவர்கள், ஷெட்டுகளில் திருப்பிச் சொன்னவர்கள் எல்லோருக்கும். புள்ளி ஆறு சரி. குளிர்ந்த பிளக் சரி. அந்த இரண்டிலும் சாமுவேலை மிஞ்ச ஆள் இல்லை. பீங்கானில் கோடு போட்டவனும் சாமுவேல்தான்.

டப்பாவைத் தனலட்சுமி அம்மா திறக்கவில்லை.